மூணு ஆட்டத்துக்கு ஒரு ஓய்வு

எங்க அக்கா வூட்டுக்காரரை நான் மாமான்னுதான் கூப்புடுவேன். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்துல வீடியோ கேம் கடை வெச்சிருந்தாரு. ஒரு கலர் டிவி, அதுக்குக் கீழ மெட்ராஸ் கம்பெனி ஒண்ணு போட்ட டிவி கேம் பொட்டி, ரெண்டு ரிமோட்டு, செருப்பு டப்பாவுல அடுக்கி வெச்ச கேசட்டுங்க, இவ்ளோதான் கடை. செவுத்துல சாமி படத்துக்குப் பக்கத்துல ஒரு அட்டை தொங்கும். அவரே எழுதுனது. "மூணு ஆட்டத்துக்கு ஒரு ஓய்வு. ஓய்வு மிஷினுக்கு. சண்டை போட வேண்டாம்."

அந்த மனுசனுக்கு ஒலகத்துல ஒரே ஒரு பயம்தான். எதாச்சும் சூடாயிடுமோங்குறது. பாம்புக்கு பயப்பட மாட்டாரு, போலீசுக்கு பயப்பட மாட்டாரு, எங்கக்காவுக்கே பயப்பட மாட்டாரு. ஆனா அடாப்டரு லேசா வெதுவெதுன்னு இருந்தாப் போதும், மூஞ்சி செத்துப் போயிடும். புள்ளைக்கு காய்ச்சல் பாக்குற மாதிரி புறங்கையை பொட்டி மேல வெச்சுப் பாப்பாரு. கண்ணை மூடிக்குவாரு. அப்பறம் ஒரு தலையாட்டல். டொக். ஆஃப்.

பசங்க கத்துவானுங்க பாருங்க! கெணத்துப் பூதம்னு ஒரு ஆட்டம் இருந்துச்சு. ஒரு குட்டி ஆளு கயித்தைப் புடிச்சுக்கிட்டு கெணத்துக்குள்ள எறங்கி எறங்கிப் போவான், அடியில ஒரு பெரிய பூதம் இருக்கும். அந்தப் பூதத்தை ஜெயங்கொண்டத்துல ஒரு பயலும் பாத்ததில்ல. அதுக்குள்ள மாமா ஆஃப் பண்ணிருவாரு. "அண்ணே, இன்னும் ஒரே ஒரு படிண்ணே"ன்னு பசங்க கால்ல வுழாத கொறையா கெஞ்சுவானுங்க. "பூதம் எங்கயும் போயிடாதுடா, கெணத்துலதான் கெடக்கும். மிஷினு போயிட்டா வருமா?"ன்னுட்டு பொட்டிக்கு நேரா டேபிள் ஃபேனைத் திருப்பி வுடுவாரு. பசங்களுக்கு ஃபேன் கெடையாது. அவனுங்க வேர்த்து வழிஞ்சுக்கிட்டு பொட்டி எப்ப குளுருமோன்னு குந்தியிருப்பானுங்க.

கேசட்டு படிக்கலன்னா ஊரு ஒலகத்துல எல்லாரும் வாயால ஊதித்தான் சொருகுவாங்க. மாமா கடையில ஊதக் கூடாது. "வாய்க் காத்து சூடு"ன்னு சொல்லி சைக்கிள் பம்ப்பு ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாரு. கேசட்டை ரெண்டு முட்டிக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிப்பாரு. சந்துல போறவங்க பஞ்சர் கடைன்னு நெனச்சு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்துருவாங்க. அதுக்கும் சலிக்காம காத்தடிச்சு அனுப்புவாரு, ஆனா கொஞ்சமாத்தான். வெயில்ல டயரு சூடாவுமாம்.

இதெல்லாம் கடையோட நின்னிருந்தா பரவாயில்ல. எங்கக்கா பாவம். கிரைண்டர்ல மாவு போட்டுட்டு அந்தப் பக்கம் போனாப் போதும், மாமா வந்து தொட்டுப் பாத்து ஆஃப் பண்ணிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு. பாதி அரைஞ்ச மாவுல இட்லி சுட்டா அது இட்லியாவா இருக்கும்? தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரும். "ஏங்க, கிரைண்டரு எங்கம்மா வூட்டு சீதனம்ங்க, உங்க மிஷினு இல்ல"ன்னு அக்கா கத்துவா. "சீதனம்னா சூடாவாதா?"ன்னு அவரு கேப்பாரு. அப்படியே சண்டை பெருசாச்சுன்னா எந்திரிச்சு வந்து அக்கா நெத்தியில புறங்கையை வெப்பாரு. அக்கா கரண்டியை எடுத்ததும் தெருவுக்கு ஓடிருவாரு.

ஒரு தடவை கும்பகோணத்துக்குப் போற பஸ்ஸுல, மீன்சுருட்டி ஸ்டாப்புல வண்டி நின்னப்ப, இவரு முன்னாடி போயி டிரைவர்கிட்ட, "அண்ணே, எஞ்சின் பக்கம் கால் வெக்க முடியல, கொதிக்குது. கொஞ்சம் ஆஃப் பண்ணி வெச்சு, ஒரு டீ குடிச்சுட்டு எடுக்கலாமே"ன்னு சொல்லியிருக்காரு. டிரைவர் நல்ல மனுசன். "அதுக்கென்னங்க, நீங்க எறங்கி ஒரு டீ சொல்லுங்க"ன்னாரு. மாமா எறங்கி டீ சொன்னாரு. பஸ்ஸு போயிருச்சு. அன்னிக்கு அவரு எங்க வூட்டுக்குத்தான் நடந்து வந்தாரு, எங்க வூடு மீன்சுருட்டிதான். எங்கப்பா முந்திரிக் கொட்டை காயப் போட்டுக்கிட்டு இருந்தவரு, நிமுந்து பாத்துட்டு, எங்கிட்ட, "வந்திருக்காரு பாரு, ஒங்கக்கா புருசன். நம்ம போர் மோட்டார் சுவிட்சு பெட்டியைப் பூட்டி சாவியைக் கொண்டா"ன்னாரு.

எங்கப்பாவுக்கு மாமாவைக் கண்டா ஆவாது. அது கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்சது. மூத்த பொண்ணு கல்யாணம்னு எங்கப்பா ஆசை ஆசையா வீடியோ ஏற்பாடு பண்ணியிருந்தாரு. அப்ப எங்க ஊர்ல வீடியோ எடுத்த கல்யாணம் ஒண்ணோ ரெண்டோதான். கேமராக்காரரு ஒரு பெரிய ஃபோகஸ் லைட்டைத் தூக்கி மாப்பிள்ளை தலைக்கு நேரா நிறுத்திட்டாரு. மாமா மணவறையில குந்தி பொகைக்கும் அனலுக்கும் நடுவுல நெளிஞ்சுக்கிட்டே இருந்தாரு. மந்திரத்தைக் கவனிக்கல, பொண்ணைக் கவனிக்கல, அந்த லைட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஐயரு தாலியை எடுத்துக் குடுத்தாரு. கெட்டி மேளம்னு கத்துனாங்க. மாமா ஒரு கையில தாலியோட, இன்னொரு கையை நீட்டி லைட்டு ஸ்டாண்டுல இருந்த சுவிட்சை டொக்குன்னு ஆஃப் பண்ணிட்டுத்தான் தாலி கட்டுனாரு.

அந்த கேசட்டு இன்னும் எங்க வூட்ல இருக்கு. மாலை மாத்துறது இருக்கு, பந்தி இருக்கு, நான் பாவாடை சட்டையில பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குறது இருக்கு. தாலி கட்டுற எடம் மட்டும் கும்மிருட்டு. மேளச் சத்தம் கேக்குது, நடுவுல எங்கப்பா, "எவன்டா அவன்?"னு கத்துறது கேக்குது. அன்னைலேருந்து எங்கப்பா அவரை நேருக்கு நேரா மாப்பிள்ளைன்னு கூப்புட்டதில்ல. எதுவா இருந்தாலும் அக்காகிட்டதான் சொல்லுவாரு. "அவருக்கு கொழம்பு வேணுமான்னு கேளு"ம்பாரு, மாமா பக்கத்து எலையில குந்தியிருப்பாரு. மாமாவும் அக்காகிட்ட, "வேணும்னு சொல்லு"ம்பாரு. எங்கக்கா ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட்மேன் வேலை பாத்தே எளைச்சுப் போனா. "எங்கப்பா ஒரே ஒரு நாளு அவரை மனுசனா மதிச்சு நாலு பேரு முன்னாடி பேசிட்டார்னா, நான் சமயபுரத்துக்கு நடந்தே போவேன்டி"ன்னு எங்கிட்ட சொல்லி அழுதிருக்கா.

நான் ப்ளஸ் டூ படிக்கிறப்ப அக்கா வூட்லதான் தங்கியிருந்தேன். மூணு பாடம் படிச்சு முடிச்சா மாமா வந்து புத்தகத்தை மூடிருவாரு. "மண்டை கொதிக்கும், மோரு குடி"ம்பாரு. பரீட்சை நேரத்துல எனக்கு அம்மை போட்டப்ப, எங்கக்கா பயந்து அழுதுக்கிட்டு கெடந்தா. கடையைச் சாத்திட்டு, பொட்டிக்கு வெச்சிருந்த அந்த டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து எனக்கு வெச்சாரு. அம்மைக்காரிக்கு ஃபேன் வெக்கக் கூடாதுன்னு பக்கத்து வூட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. உடனே ஃபேனை நிறுத்திட்டு வேப்பெலைக் கொத்தால அவரே வீசிக்கிட்டு குந்தியிருந்தாரு. அதனாலதான் சொல்றேன், அவரை யாரு கேலி பண்ணாலும் நான் சிரிப்பேன், ஆனா கூடச் சேந்து பேச மாட்டேன்.

அப்பறம் எதிர் வரிசையில கம்ப்யூட்டர் சென்டரு வந்துச்சு. ஒரே பொட்டியில நூறு ஆட்டம், ஓய்வும் கெடையாது. பசங்க ஒருத்தன் ரெண்டு பேருன்னு அந்தப் பக்கம் தாவிட்டானுங்க. மாமா மட்டும் அங்க எட்டிப் பாத்துட்டு வந்து, "அதுக்கு வயித்துக்குள்ளயே ஃபேன் வெச்சு வித்திருக்கான். அப்ப செஞ்சவனுக்கே தெரியுது, அது எந்நேரமும் காய்ச்சல்லதான் கெடக்கும்னு"ன்னாரு. கடைசியில வீடியோ கேம் கடையை எடுத்துட்டு கூல் டிரிங்க்ஸ் கடை வெச்சாரு. அது தேறுமா? ஃப்ரிட்ஜுக்கும் ஓய்வு வுட்டாரு. கொதிக்கிற வெயில்ல வந்து கலர் கேக்குறவங்களுக்கு வெந்நி மாதிரி கலரை எடுத்து நீட்டுவாரு. பொட்டியையும் கேசட்டையும் வேட்டியில சுத்தி பீரோவுல வெச்சுட்டாரு. அக்கா பேரீச்சம்பழக்காரனுக்குப் போடப் பாத்தா, முடியல.

அந்த நேரத்துலதான் கம்பெனிக்காரத் தம்பி ஒருத்தரு எங்கக்கா வூடு தேடி வந்தாரு. சட்டையை உள்ள வுட்டுக்கிட்டு, கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு. அந்த டிவி கேம் பொட்டியைப் போட்ட மெட்ராஸ் கம்பெனிதான். பெரம்பலூர் பொருட்காட்சியில அவங்க ஒரு கடை போடுறாங்களாம், பழைய ஆட்டமெல்லாம் ஜனங்களுக்குக் காட்டி, அப்படியே செல்போன்ல ஆடுற புது ஆட்டத்தையும் விக்கப் போறாங்களாம். ஆனா கம்பெனி குடோன்ல தேடுனா அந்தப் பழைய பொட்டி ஒண்ணுகூட இல்லயாம். வித்த வரைக்கும் வித்துட்டு, நமக்குன்னு ஒண்ணு எடுத்து வெப்போம்னு ஒருத்தருக்கும் தோணல. ரேடியோ ரிப்பேர் கடையில விசாரிச்சு இங்க வந்திருக்காரு.

மாமா பீரோவைத் தெறந்து வேட்டியை அவுத்தாரு. பொட்டி புதுசு மாதிரி மின்னுது. அந்தத் தம்பிக்கு கண்ணுல தண்ணி வராத கொறை. "சார், இவ்ளோ நல்ல கண்டிஷன்ல நாங்க எங்கயும் பாக்கல சார்"ன்னாரு. "மூணு ஆட்டத்துக்கு ஒரு ஓய்வு வுடணும் தம்பி"ன்னாரு மாமா. "கண்டிப்பா சார்." "ஊதக் கூடாது." "கண்டிப்பா சார்." அப்பவே நான் நெனச்சேன், எல்லாத்துக்கும் கண்டிப்பாங்குறானே, இவன் ஒண்ணும் செய்ய மாட்டான்னு.

பொருட்காட்சிக்கு குடும்பத்தோட கெளம்புனோம். எங்கப்பாவையும் அக்கா கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா. விவசாயக் கடையில புது மோட்டார் வெச்சிருக்காங்கன்னு சொல்லித்தான் வர வெச்சா. நல்ல சித்திரை வெயிலு, தகரக் கொட்டாயி. கம்பெனி கடையில என்னா கூட்டம்! நடுவுல கயிறு கட்டி மறிச்ச எடத்துல செவப்பு வெல்வெட்டுத் துணி போட்ட மேசை, அதுமேல மாமா பொட்டி, செவப்பு லைட்டு எரியுது. பின்னால பெரிய டிவி, அதுல கெணத்துப் பூதம் ஓடுது. பக்கத்துல ஒரு போர்டு: அன்பளிப்பு, ஜெயங்கொண்டம்னு ஊரும் மாமா பேரும் போட்டிருந்தாங்க. எங்கப்பா கண்ணைச் சுருக்கி ரெண்டு தடவை படிச்சாரு. "இது ஒம் புருசன் பேருதானே?"ன்னு அக்காகிட்ட கேட்டாரு. குரல்ல பழைய காரம் இல்ல.

மாமாவுக்கு போர்டெல்லாம் கண்ணுல படல. ஆட்டத்தை எண்ணிக்கிட்டு இருந்தாரு. மூணு ஆட்டம் முடிஞ்சுது. நாலாவதுக்கு வேப்பந்தட்டைப் பையன் ஒருத்தன் ரிமோட்டை எடுத்தான். மாமாவுக்குப் பொறுக்கல. கயித்தைத் தாண்டிப் போயி புறங்கையை பொட்டி மேல வெச்சாரு. மூஞ்சியில ஒரே ஆச்சரியம். "சில்லுன்னு இருக்கு"ன்னு எங்கிட்ட சொன்னாரு. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே, டொக்குன்னு ஆஃப் பண்ணாரு. செவப்பு லைட்டு அணைஞ்சுது. டிவியில அந்தக் குட்டி ஆளு பாட்டுக்கு கயித்துல எறங்கிக்கிட்டே இருக்கான்!

கூட்டமே ஓன்னு கத்துச்சு. மாமா திரும்ப ஆன் பண்ணாரு, ஆஃப் பண்ணாரு. ஆளு நிக்கல. எங்கப்பா கூட்டத்தை வெலக்கிக்கிட்டு முன்னாடி வந்தாரு. வாயெல்லாம் பல்லு. "மாப்பிள்ளை!"ன்னாரு. எங்கக்கா என் கையை நசுக்கியே புட்டா. "மாப்பிள்ளை, கரண்டு இல்லாமலே ஓட வெச்சிருக்கீங்களே! நம்ம போர் மோட்டாருக்கும் இப்படி எதாவது செய்ய முடியுமா? மும்முனைக் கரண்டே வர மாட்டேங்குது"ன்னாரு. பக்கத்துல நின்னவங்ககிட்டயெல்லாம், "எம் மாப்பிள்ளைதான். ஜெயங்கொண்டம். சொந்த மிஷினு"ன்னு மார்தட்ட ஆரம்பிச்சுட்டாரு.

மாமா மேசைத் துணியைத் தூக்கி உள்ள பாத்தாரு. நானும் குனிஞ்சேன். குப்புன்னு அனலு அடிச்சுது. மேசைக்கு அடியில, துணி மூடுன இருட்டுல, ஒரு கம்ப்யூட்டரு உர்ருன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரிமோட்டு ஒயரெல்லாம் மேசை ஓட்டை வழியா அதுக்குத்தான் போவுது. கம்பெனித் தம்பி ஓடி வந்து குந்துனாரு. "சார், சத்தம் போடாதீங்க சார். மேனேஜர் இருக்காரு. உங்க கேசட்டுல பாதி படிக்கல சார். அதனால ஆட்டத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்து வெச்சிருக்கோம். எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா கம்ப்யூட்டரு உங்க பொட்டி மாதிரியே நடந்துக்கும்"னு குசுகுசுன்னு சொன்னாரு.

"அப்ப எம் பொட்டி?"ன்னு மாமா கேட்டாரு.

"அது... பாக்குறதுக்கு சார்."

எனக்கு வயித்தெரிச்சலா வந்துச்சு. அந்தத் தம்பி சட்டையைப் புடிக்கலாமான்னு இருந்துச்சு. மாமா எந்திரிச்சு வேட்டியைத் தட்டிக்கிட்டு வந்து எங்கப்பா பக்கத்துல நின்னாரு. எங்கப்பா அவரு தோள் மேல கையைப் போட்டுக்கிட்டாரு. சத்தியமா சொல்றேன், அந்தக் கை அந்தத் தோள்ல வுழுந்ததை நாங்க யாரும் அதுவரைக்கும் பாத்ததில்ல. அக்கா மூஞ்சியைப் பாக்கணுமே! நான் மாமா காதுகிட்ட போயி, "வாயைத் தெறந்துராதீங்க மாமா, இப்படியே இருந்துட்டுப் போவட்டும்"னேன். அவரும் தலையாட்டுனாரு.

ஆனா அவரால சும்மா நிக்க முடியல. அஞ்சாவது ஆட்டம் போவுது, ஆறாவது போவுது. கண்ணு மேசைக்கு அடியிலயே இருக்கு. அப்பா பாட்டுக்கு போர் மோட்டாரைப் பத்திப் பேசுறாரு, மாமா ம் கொட்டுறாரு, நெத்தியில வேர்வை கொட்டுது. புறங்கையை வேட்டியில தேச்சுக்கிட்டே இருக்காரு.

"காலையிலேருந்து ஓடுது போலருக்கு"ன்னாரு எங்கிட்ட.

"ஓடட்டும். அது உங்க மிஷினா? உங்க பொழப்பைக் கெடுத்த மிஷினு."

"துணியை வேற போட்டு மூடியிருக்கானுங்க, பாவி பசங்க."

"மாமா, வேணாம். அப்பாவைப் பாருங்க. அக்காவைப் பாருங்க."

அவரு பாத்தாரு. ரெண்டு பேரையும் நல்லாப் பாத்தாரு. அப்பறம் எங்கப்பா கையை மெதுவா எடுத்து கீழ வுட்டுட்டு, கயித்தைத் தாண்டிப் போயி, வெல்வெட்டுத் துணியை மேலேருந்து கீழ வரைக்கும் உருவிப் போட்டுட்டு, மேசைக்கு அடியில பூந்தாரு. வேப்பந்தட்டைப் பையன் திரும்பவும் வரிசையில வந்து, கெணத்தோட அடி வரைக்கும் எறங்கிட்டான். பூதத்தோட ஒரு காலு தெரியுது. டொக்.

டிவி இருண்டு போச்சு. பையன் ரிமோட்டைத் தூக்கிப் போட்டுட்டு அழ ஆரம்பிச்சான். "அட, கம்ப்யூட்டருப்பா! அடியில கம்ப்யூட்டரை வெச்சுல்ல ஏமாத்தியிருக்கானுங்க!"ன்னு கூட்டத்துல ஒருத்தரு கத்துனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பா சிரிக்கல. பொட்டியைப் பாத்தாரு, கம்ப்யூட்டரைப் பாத்தாரு, தரையில மண்ணுல குந்தி அதைத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்குற மாமாவைப் பாத்தாரு. போச்சுடா, சமயபுரம் போனாப்லதான்னு நெனச்சுக்கிட்டேன். எங்கக்கா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நின்னா.

கம்பெனித் தம்பி, "சார், அது அப்படித்தான் சார் சூடாவும், ஒண்ணும் ஆவாது"ன்னு பொலம்புறாரு. மேனேஜர் ஓடி வந்தாரு. கழுத்துல டை வேற, அந்த வெயில்ல. "யோவ், யாருய்யா நீ? அறிவு இருக்கா? யாருய்யா இந்த ஆளை உள்ள வுட்டது? புடிச்சு வெளிய தள்ளுங்க"ன்னு கத்துனாரு.

"ஏய்!"னு ஒரு சத்தம். எங்கப்பா. கயிறு அறுந்து தொங்குது, இவரு உள்ள நிக்குறாரு. "யாரைப் பாத்து ஆளுங்குற? எம் மாப்பிள்ளைய்யா அவரு! பொட்டியை வாங்கிட்டு வந்து சும்மா பொம்மை மாதிரி வெச்சிருக்க. அவரு வாயைத் தெறந்து ஒரு வார்த்தை கேட்டாரா? ஒம் மிஷினு வேவுதேன்னு மண்ணுல வுழுந்து அணைச்சிருக்காரு, அவரைத் தள்ளுவியா நீ? எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போதே லைட்டை அணைச்ச மனுசன்யா. நானே பொறுத்துக்கிட்டேன், நீ என்னா பெரிய கவர்னரா? சூடு தணியட்டும். அப்பறம் போட்டுக்க."

மேனேஜர் சுத்திமுத்தும் பாத்தாரு. மீன்சுருட்டி சத்தத்துக்கு மெட்ராஸ் சட்டை அடங்கிப் போச்சு. கூட்டமும் நகரல. அந்த வேப்பந்தட்டைப் பையன்கூட மூக்கை உறிஞ்சிக்கிட்டு தரையில குந்திட்டான்.

எங்கப்பா தோள் துண்டை எடுத்து உதறுனாரு. மடிச்ச வேட்டியோட கம்ப்யூட்டருக்கு முன்னாடி குத்துக்கால் வெச்சு குந்தி, துண்டால வீச ஆரம்பிச்சாரு. மாமா கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்தாரு. மனுசனுக்கு அந்த நேரத்துலயாவது வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியணுமா இல்லயா?

"முன்னாடி வீசிப் பிரயோசனமில்ல மாமா. அனலு பின்பக்கமாத்தான் வருது"ன்னாரு எங்கப்பாகிட்ட, நேருக்கு நேரா.

எங்கப்பா எந்திரிச்சுப் பின்பக்கம் போயி குந்தி வீசுனாரு.